நல்லூர் விரதமும் இலக்கம் 120ம்: ஐஸ்கிறீமுக்குள் பூச்சியா?

கேள்வி, ஓகஸ்ட் 4

"நல்லூர்க் கந்தன் கோயில் கொடியேறியதிலிருந்து எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. மகள் திருவிழாவில் ரோஸ் ஐஸ்கிறீம் கேட்டு அடம்பிடிக்கிறாள். கனடாவில் இருக்கிற தங்கச்சி, அந்த நிறமே பூச்சியை அரைத்து எடுப்பது, வாங்கிக் கொடுக்காதே என்கிறாள். இது உண்மையா, வட்ஸப் கதையா?"

ஓகஸ்ட் 4, இரவு

பூச்சி உண்மை. உங்கள் மகளின் கப்பில் அது இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

கார்மைன் என்று ஒரு சிவப்புச் சாயம், பக்கற்றில் எழுதுகிற உணவுச் சேர்க்கை இலக்கம் (E நம்பர்) 120. கள்ளியில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற கொச்சினீல் பூச்சி, அதிலும் பெண் பூச்சி. சுரண்டி எடுத்து, காயவைத்து, இடித்துச் சாயத்தைப் பிரிக்கிறார்கள். பெரு நாட்டில்தான் இன்றைக்கு அதிகம். ஒரு கிலோ காய்ந்த பூச்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் உயிர். அந்த உடம்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டச் சாயம்தான்; எறும்பு தின்னாமல் இருக்கப் பூச்சி தனக்குள் சேர்த்து வைக்கிற பொருள் அது. 2012இல் அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் தன் ஸ்ட்ரோபெரிப் பானத்தில் இதைப் போடுவது தெரியவந்து, சைவக்காரர் சத்தம் போட்டு, தக்காளியிலிருந்து எடுக்கும் லைக்கோபீனுக்கு மாறியது. தங்கச்சி அந்தப் பக்கத்துச் செய்தியைத்தான் படித்திருப்பார்.

ஆனால் கார்மைன் விலை கூடிய சாமான். திருவிழாக் கடை ஐஸ்கிறீமுக்கு அதைப் போட்டால் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுத் தேரிழுக்கப் போகவேண்டியதுதான். அங்கே இருப்பது பெரும்பாலும் 122, 124, 129 போன்ற இலக்கங்கள். நிலக்கரித் தாரில் தொடங்கி இப்போது பெற்றோலியத்திலிருந்து வருகிற சாயங்கள். 122க்குக் கார்மோய்சின் என்று பெயர். கார்மைனோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ஓர் உயிர் போகவில்லை, விரதத்துக்கு இதைவிடச் சுத்தமான சிவப்புக் கிடையாது! உடம்புக்கு எப்படி என்றால் அது வேறு வழக்கு. இந்த மூன்றில் ஒன்று போட்ட சாப்பாட்டுப் பக்கற்றிலும், பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று எழுதவேண்டும் என ஐரோப்பாவில் 2010 முதல் சட்டம்.

ஓகஸ்ட் 5, காலை

கோப்பாயிலிருந்து ஓர் அண்ணை கேட்கிறார்: எங்கள் வேலியோரம் நிற்கிற நாகதாளிக் கள்ளியிலும் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு பூச்சி அப்பியிருக்கும், நசுக்கினால் கை சிவக்கும், அதுவா இது?

அதன் ஒன்றுவிட்ட சகோதரம். இதற்குப் பின்னால் நல்ல கதை இருக்கிறது. கொச்சினீல் சாய வியாபாரத்தில் ஸ்பெயின்காரர் கொழிப்பதைப் பார்த்த கும்பினிக்காரருக்கும், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்கும், ஆசை வந்தது. மதராஸில் ஜேம்ஸ் அண்டர்சன் என்ற கும்பினி வைத்தியர் சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டமே போட்டுப் பூச்சிக்குக் காத்திருந்தார். 1795இல் பிரேசிலிலிருந்து கப்பலில் பூச்சி வந்து சேர்ந்தது. வந்தது சரியான இனம் இல்லை. சாயம் மட்டம், பசி மட்டும் பெரிசு. கள்ளியைத் தின்றே அழித்தது. பிறகு அந்தப் பசியே பயன்பட்டது: 1860களில் இலங்கையில் கள்ளி பரவி நிலத்தை மூடியபோது, அதை ஒழிக்க இந்தியாவிலிருந்து அதே பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். பூச்சியை விட்டுக் களையை அழித்த முதல் வேலைகளில் ஒன்றாக இதைப் பாடப்புத்தகங்களில் சொல்வார்கள். நான் விவசாயப் போதனாசிரியர் வேலைக்குப் படித்த காலத்தில் இதைத்தான் முதல் பாடமாக எடுத்தார்கள். அது ஐஸ்கிறீமில் வந்து முடியும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

உங்கள் வேலிப் பூச்சியைக் கறிக்குப் போட வேண்டாம் அண்ணை.

ஓகஸ்ட் 5, மாலை

ஐஸ்கிறீமை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கிற ஜெலியைப் பாருங்கள். விரதகாரர் பயப்பட வேண்டியது அதற்குத்தான். ஜெலற்றின் என்றால் பன்றித் தோல், மாட்டுத் தோல், எலும்பு. சில இடங்களில் மீன் தோல். கடையில் பெட்டியில் விற்கிற ஜெலித் தூளில் பெரும்பாலும் இதுதான். நல்லூர் வீதியில் மச்சக் கடை இல்லை என்று பெருமையாகச் சொல்கிறோம், பக்கத்துக் கடையில் ஸ்பெஷல் ஐஸ்கிறீமுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாக மாட்டெலும்பு ஆடுகிறது.

எல்லா ஜெலியும் அப்படி இல்லை. கடற்பாசியிலிருந்து எடுக்கிற அகார், இலக்கம் 406, முழுச் சைவம். கிரசிலேரியா என்ற பாசி எங்கள் யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலேயே வளர்கிறது; புத்தளம், திருகோணமலைப் பக்கமும் உண்டு. சிலோன் மொஸ் என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டிலேயே சீமைக்குப் போன சரக்கு.

சோனகதெருவில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான், 1990க்கு முந்தின கதை. நோன்பு காலத்தில் அவன் வீட்டில் கடற்பாசி செய்வார்கள். காய்ந்த பாசி இழை கையில் எடுத்தால் கடதாசி மாதிரிச் சரசரக்கும். தண்ணீரில் ஊறவிட்டு, அடுப்பில் வைத்து, அகப்பையைத் தூக்கிப் பின்பக்கம் பார்ப்பார் அவன் உம்மா: ஓர் இழைகூட ஒட்டியிருக்கக்கூடாது, ஒட்டினால் இன்னும் கொதிக்க வேண்டும். பிறகு பால், சீனி, கொஞ்சம் ரோஸ் எசன்ஸ். தட்டில் ஊற்றி மேசையில் வைத்தால் குளிர்சாதனப் பெட்டியே தேவையில்லை, நாங்கள் பாங்கு கேட்கும்வரை பார்த்துக்கொண்டு இருக்கும்போதே இறுகிவிடும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. அகார் 85 பாகை செல்சியஸில்தான் கரையும், 35, 40 பாகைக்கு இறங்கியதுமே இறுகும். ஜெலற்றின் 35 பாகையிலேயே இளகிவிடும். வாயில் கரைவதும் அதனால்தான், யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் தட்டில் குளமாவதும் அதனால்தான். ஆக, வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: ஜெலியில் ஒரு துண்டை வெயிலில் வையுங்கள். உருகி ஓடினால் சந்தேகப்படுங்கள். அப்படியே நின்றால் பெரும்பாலும் பாசிதான்.

ஓகஸ்ட் 5, இரவு

மேலே எழுதிய சோதனையைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்கிறேன். கராகீனன், இலக்கம் 407, இன்னொரு பாசியிலிருந்து வருவது. அதில் செய்த ஜெலி அகார் அளவுக்குச் சூடு தாங்காது. கலப்பும் போடுகிறார்கள். ஆகவே உருகாமல் நின்றால் நம்பலாம், உருகினால் பெட்டியைப் பாருங்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கராகீனன் எடுக்கும் கப்பாபைகஸ் பாசியைக் கிளிநொச்சி வலைப்பாட்டில் கடலுக்குள் வளர்க்கிறார்கள். சிறு துண்டுகளாகக் கயிற்றில் கட்டி விடுவது, வளர்ந்ததும் அறுத்துக் கரையில் காயவைப்பது. வெளிநாட்டுக்குப் போய்த் தூளாகி, சொக்லற் பாலில் கொக்கோ அடியில் தங்காமல் பிடித்து வைத்திருக்கிற வேலை அதற்கு. பக்கற் பாலைக் குலுக்காமலே குடிக்க முடிகிறதே, அது இந்தப் பாசியின் உபயம்.

ஓகஸ்ட் 6

"வனிலா ஐஸ்கிறீமில் பீவர் என்ற மிருகத்தின் பின்பக்கத்துச் சுரப்பி இருக்கிறதாமே" என்று மூன்று பேர் தனித்தனியாக அனுப்பிவிட்டீர்கள். அப்படி ஒரு வாசனைப் பொருள் இருக்கிறது, காஸ்டோரியம். ஆனால் ஒரு மிருகத்தைப் பிடித்து அதன் வாலடியில் பிதுக்கி எடுக்கிற சாமானை உங்கள் மலிவு ஐஸ்கிறீமுக்கு யார் ஊற்றப்போகிறார்கள்? வாசனைத் திரவியக்காரர்தான் கொஞ்சம் பாவித்தார்கள். வனிலா மணத்தைத் தருகிற வனிலின் என்ற பொருள் உலகத்தில் பெரும்பகுதி பெற்றோலியத்திலிருந்து. அதற்கு முந்திய காலத்தில் கடதாசி ஆலைக் கழிவிலிருந்தும் எடுத்தார்கள், அதாவது மரத்திலிருந்து. இது எனக்கு அந்தப் பீவரைவிட ஆச்சரியம்.

ஓகஸ்ட் 7

பூச்சி, எலும்பு என்று எல்லாரும் முகம் சுழிக்கிறீர்கள். எனக்கு முகம் சுழித்த இடம் வேறு.

சில்லி சோஸ் போத்தலை எடுத்துப் பாருங்கள், 415 இருக்கும். சாந்தன் பசை. போத்தலைக் கவிழ்த்தால் அசையாமல் நிற்கும், குலுக்கினால் ஓடும், தட்டில் விழுந்ததும் மறுபடி நிற்கும். அந்தக் குணம் இந்தப் பசையால் வருவது. இதை உண்டாக்குவது சாந்தமோனாஸ் கம்பெஸ்ட்ரிஸ் என்ற பக்ரீரியா. அந்தப் பெயரைக் கேட்டால் எனக்குச் சோஸ் நினைவுக்கு வராது, கோவா (முட்டைக்கோஸ்) தோட்டம்தான் வரும்.

கோவாவின் கருப்பு அழுகல் நோய் இதே பக்ரீரியாதான். விடியப் பனியில் தோட்டத்துக்குள் இறங்கினால், இலை விளிம்பில் நீர்த்துளி வரிசையாக நிற்கும். அந்தத் துளி கசிகிற துவாரத்தால்தான் கிருமி உள்ளே போகிறது. சில நாளில் விளிம்பிலிருந்து நடு நரம்பை நோக்கி மஞ்சளாக ஒரு ஆப்பு வடிவம் இறங்கும். இலையைக் கிழித்துப் பார்த்தால் நரம்பெல்லாம் மையால் கீறினது போலக் கறுத்திருக்கும். தண்டை வெட்டினால் உள்ளே கறுப்பு வளையம். ஒரு மழை பெய்தால் பாத்தி முழுக்கப் பரவும். வலிகாமத்தில் எத்தனை தோட்டத்தில் நின்று "பிடுங்கி எரியுங்கோ, வரம்பில் போடாதேங்கோ, விதையை 50 பாகைச் சுடுதண்ணியில் போட்டெடுத்து நடுங்கோ" என்று கத்தியிருப்பேன். அந்தக் கிருமி தன்னைச் சுற்றிப் போர்த்துக்கொள்கிற சளிதான் சாந்தன். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பியோரியா ஆய்வுகூடத்தில் அலீன் ஜீன்ஸ் என்ற அம்மாவின் குழு அதைக் கண்டு வளர்த்தது, 1969இல் அங்கே சாப்பாட்டுக்கு அனுமதி கிடைத்தது. தொட்டியில் சீனி கொடுத்து வளர்த்து, கிருமியைச் சூட்டில் கொன்று, சளியை மட்டும் அல்கஹோலில் திரட்டி எடுத்துத் தூளாக்குகிறார்கள்.

இரண்டாவது, 330, சிற்றிக் அமிலம். எலுமிச்சை என்று நினைத்திருப்பீர்கள். ஒரு காலத்தில் உண்மை. இத்தாலியிலிருந்து எலுமிச்சைச் சாற்றில் எடுத்துத்தான் உலகத்துக்குப் போனது. 1917இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்கர், அஸ்பர்ஜிலஸ் நைகர் என்ற கறுப்புப் பூஞ்சணம் சீனியைத் தின்று சிற்றிக் அமிலத்தைக் கக்குகிறது என்று காட்டினார். 1919இல் ஃபைசர் கம்பனி அதைத் தொழிற்சாலையில் தொடங்கியது. அதற்குப் பிறகு எலுமிச்சைக்கு அந்த வேலை போய்விட்டது.

அந்தப் பூஞ்சணம் யார் என்று தெரிய வேண்டுமா? சின்ன வெங்காயத்தைப் பிடி கட்டி வளையில் தொங்கவிட்டிருப்பீர்கள். மாரி நெருங்கும்போது ஒன்றை உரித்தால் வெளித்தோலுக்கு அடியில் கரிப்பொடி தூவியது மாதிரி இருக்கும், விரலில் ஒட்டும். அதே ஆள். எங்கள் வெங்காயத்தைக் கெடுத்து விலையை இறக்கினவர், முந்திரிகைப் பழப் (திராட்சை) பாணிக்குப் புளிப்பு கொடுத்துக் காப்பாற்றுகிறார்.

இது இரண்டும் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து சோஸ் சாப்பிடுவதை நிறுத்தினேனா என்று கேட்காதீர்கள். நேற்றும் றோலுக்கு ஊற்றினேன்.

ஓகஸ்ட் 7, பிந்தி

பக்ரீரியா மச்சமா என்று கேட்ட தம்பிக்கு: தயிர் சாப்பிடுவீர்தானே?

ஓகஸ்ட் 9

பாண் பற்றி. 920, எல்-சிஸ்டீன். மாவை இளக்கிச் சீக்கிரம் விரியச் செய்வது. தாரா இறகு, பன்றி முடி, மனித முடி ஆகியவற்றை அமிலத்தில் வேகவைத்து எடுத்தார்கள். முடி கருகினால் வருகிற நாற்றம் கந்தகம். சிஸ்டீனுக்குள் இருப்பதும் அந்தக் கந்தகம்தான், மாவின் பசையைத் தளர்த்துவதும் அதுதான். மனித முடியிலிருந்து எடுத்ததைச் சாப்பாட்டில் சேர்க்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. இப்போது பக்ரீரியாவை வைத்து, முடியே இல்லாமலும் செய்கிறார்கள்.

"அப்ப சந்நிதியில் போட்ட மொட்டை?" என்று ஒருவர் எழுதினார். முருகனுக்குக் கொடுத்ததைப் பாணில் திருப்பி வாங்கினால் அது பிரசாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் ஊர் பேக்கரிப் பாணில் இது இருக்குமென்று நான் நினைக்கவில்லை. இரவிரவாகப் புளிக்கவிடுகிற இடத்தில் அவசரத்துக்கு மருந்து எதற்கு? பெரிய இயந்திரத்தில் மணிக்கணக்குப் பார்த்து ஓடுகிற பாணிலும், நீண்ட நாள் வைத்திருக்கிற பன்னிலும் தேடுங்கள்.

ஓகஸ்ட் 10

ரொபி மினுங்குவது எதனால் என்று ஒரு கேள்வி. 904, அரக்கு. பாண்டவரைச் சுட்டெரிக்கக் கட்டிய மாளிகையின் அரக்கு, தபால் பொதியில் உருக்கி முத்திரை குத்துகிற அரக்கு, எல்லாம் ஒன்றுதான். இலந்தை, புரசு மரக் கொப்புகளில் கூட்டமாக ஒட்டியிருக்கிற சிறு பூச்சி தன்னைச் சுற்றிக் கசிய விடுகிற பிசின். இந்தியாவில் ஜார்க்கண்ட் பக்கம் காட்டுவாசிகள் கொப்போடு வெட்டிச் சுரண்டி எடுப்பார்கள். சில குளிசைக்கும், இறக்குமதி அப்பிளுக்கும்கூட இந்தப் பூச்சுத்தான்.

இது மச்சமா? கார்மைன் பூச்சியின் உடம்பு. அரக்கு பூச்சி விட்டது. தேன் சாப்பிடுகிறவர் அரக்கையும் சாப்பிடலாம் என்று என் மனைவி தீர்ப்புச் சொன்னார். ஆனால் சுரண்டும்போது பூச்சியும் சேர்ந்து சாகிறது என்று நான் சொன்னதும் தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டார்.

ஓகஸ்ட் 12

"எது மச்சம், எது சைவம் என்று இலக்கப் பட்டியல் ஒன்று போடுங்கோ, பிறின்ற் எடுத்துக் குசினியில் ஒட்டுகிறேன்" என்று கேட்கிறீர்கள். இணையத்தில் அப்படிப் பட்டியல்கள் நிறைய. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. 120, 904 போன்ற ஒரு சிலவற்றுக்குத்தான் நேரான பதில். மற்றவற்றில் இலக்கம் அந்தப் பொருள் என்ன என்று மட்டும் சொல்லும், எங்கேயிருந்து வந்தது என்று வாயே திறக்காது.

471ஐ எடுங்கள். பிஸ்கட், மாஜரின், ஐஸ்கிறீம் எல்லாவற்றிலும் இருக்கிறது. கொழுப்பை உடைத்துச் செய்வது. பாம் எண்ணெயாகவும் இருக்கலாம், மாட்டுக் கொழுப்பாகவும் இருக்கலாம். செய்து முடித்த பிறகு வீட்டில் வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க வழியில்லை. கிளிசரின், 422, அதே கதை.

631 இன்னும் சுவையான வழக்கு. நூடில்ஸ் தூள், சிப்ஸில் வருவது. 1913இல் ஜப்பானில் கொடாமா என்பவர், காய்ந்த சூரை மீனின் ருசி எங்கேயிருந்து வருகிறது என்று தேடிக் கண்டெடுத்த பொருள். எங்கள் சம்பலுக்கு இடிக்கிற மாசியும் அதே சூரைதான், அதனால்தான் ஒரு துண்டு மாசி விழுந்தால் சட்டி மணக்கிறது. ஆனால் இன்றைக்கு அதே 631ஐ மரவள்ளி மாவைக் கிருமிக்குக் கொடுத்தும் எடுக்கிறார்கள். ஒரே இலக்கம், ஒன்று மீன், மற்றது மரவள்ளி!

எனக்குக் கைகொடுத்தது இரண்டு வழி. இந்தியப் பக்கற் என்றால் பச்சைப் புள்ளி பார்ப்பேன்; அங்கே சட்டப்படி போடவேண்டும். மற்றதற்குப் பக்கற்றின் பின்னாலிருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து "471 எதிலிருந்து?" என்று கேட்பேன். ஒரு பிஸ்கட் கம்பனியில் எடுத்த பிள்ளை முதலில் "அது கெமிக்கல் ஐயா" என்றது. கொஞ்சம் பொறுங்கோ என்று உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, பாம் எண்ணெய் என்று சொன்னது. இன்னொரு இடத்தில் எடுக்கவேயில்லை. அந்த பிஸ்கட்டை விரதம் முடியும்வரை அலுமாரியில் வைத்திருக்கிறோம்.

ஓகஸ்ட் 13

எதிர்பார்த்த கருத்து வந்துவிட்டது: "எங்கள் பாட்டன் காலத்தில் இந்த இலக்கமெல்லாம் இல்லை, கெமிக்கல் இல்லாத சாப்பாடு."

526 இருந்தது. பனையில் கருப்பநீர் இறக்குகிற முட்டிக்குள் பூசுகிற சுண்ணாம்பு அது. பூசாமல் கட்டினால் விடியமுன் புளிக்கத் தொடங்கி, மத்தியானத்துக்குள் கள்ளு. சுண்ணாம்பு போட்டால் புளிக்கவைக்கிற கிருமிக்கு அந்த நீரில் இருக்க முடியாது. அளவு தெரிந்தவர் பூசினால் தேன் மாதிரி, கை கூடிவிட்டால் நாக்கில் காரும். அதைக் காய்ச்சித்தான் பனங்கட்டி, குட்டானில் ஊற்றி, தேத்தண்ணிக்குக் கடித்தது. சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு என்றால், அதுவும் ஓர் உயிரின் ஓடு. பாட்டன் விரதத்தில் பனங்கட்டியை விட்டதாக நான் கேள்விப்படவில்லை.

கொத்தவரை விதையின் பசை 412. 2012இல் அமெரிக்காவில் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கிறவர்கள் அதை அள்ளி வாங்க, ராஜஸ்தானில் கொத்தவரை விலை கூரையில் ஏறியது. ஐஸ்கிறீமைத் தடிப்பாக்குகிற அதே தூள் எண்ணெய்க் கிணற்றுக்குள்ளும் போகிறது. புளியங்கொட்டைப் பசையை ஜப்பானில் சோஸுக்குப் போடுகிறார்கள். நாங்கள் தாயம் விளையாடினோம்.

ஓகஸ்ட் 17

முதலில் கேட்ட அக்கா திரும்ப எழுதியிருக்கிறார். மகளுக்குப் பீற்றூட் சாறு விட்டு வீட்டில் ஐஸ்கிறீம் அடித்துக் கொடுத்தாராம், நிறம் வந்ததாம், மகள் மண் மணக்குது என்று வைத்துவிட்டாளாம். பீற்றூட்டும் 162 என்று இலக்கம் உள்ள சாயம்தான். மணத்துக்கு ஒன்றும் செய்ய ஏலாது, கொஞ்சமாக விடுங்கள்.

இப்போது அவருடைய கேள்வி மாமியாருக்குக் கொடுத்த விற்றமின் டி3 குளிசை பற்றி. டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டு மயிரிலிருக்கும் எண்ணெயில் எடுப்பது. மயிரைக் கத்தரித்துக் கழுவி, வருகிற கொழுப்பைப் பிரித்து, புற ஊதா ஒளி பாய்ச்சினால் டி3. ஆட்டைக் கொல்ல வேண்டியதில்லை, பால் குடிக்கிறவருக்கு இதில் தடை இருப்பதாக எனக்குப் படவில்லை. கற்பாசியிலிருந்து எடுத்த டி3யும் வருகிறது, விலை கூட.

உள்ளே இருப்பதைவிட வெளிக்கூடுதான் சிக்கல். மெத்தென்ற, பளபளக்கிற கூடு என்றால் அநேகமாக ஜெலற்றின். மரக்கூழில் செய்த சைவக் கூடும் உண்டு, பாமசியில் கேட்டால் பெட்டியைப் பார்த்துச் சொல்வார்கள். கூட்டைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். விற்றமினுக்குப் பரவாயில்லை. மற்ற மருந்துகளில் சிலவற்றுக்கு வயிற்றுப் புளிப்பைத் தாண்டிக் குடலில் போய்க் கரையவேண்டும் என்றே அந்தக் கூடு போடப்பட்டது; அதைக் கழற்றினால் மருந்து வீண். கேட்காமல் கழற்ற வேண்டாம்.